நிகழ்பட ஆட்டக் கருவிகளின் மின்தொடுகைத் துப்புரவு

மின்தொடுகைத் துப்புரவு என்பது, மின்கருவி ஒன்றில் இரு உலோகப் பரப்புகள் ஒன்றையொன்று தொட்டு மின்னோட்டத்தைக் கடத்தும் இடங்களில் படிந்துள்ள தூசு, எண்ணெய்ப் படலம், ஆக்சைடு, சல்பைடு முதலியவற்றை, அப்பரப்புகளுக்குக் கேடு நேராவண்ணம் நீக்கும் பணி ஆகும். இக்கட்டுரை, கேசட் செருகி ஆடும் பழைய நிகழ்பட ஆட்டக் கருவிகளில் (வீடியோ கேம்) இப்பணி செய்யப்படும் முறையையும் அதன் பின்னுள்ள அறிவியலையும் விளக்குகின்றது. 1990களில் தமிழ்நாட்டு நகரங்களில் பரவலாகப் புழங்கிய இக்கருவிகள் பலவும் இன்று பரண்களில் கிடக்கின்றன. அவற்றுள் "கெட்டுவிட்டது" எனக் கருதப்படும் பல, உண்மையில் தொடுகை அழுக்கினால் மட்டுமே இயங்காதிருப்பவை. இவ்வகைப் பழுது எளிதில் நீங்கக்கூடியது. ஆயினும் தவறான பொருளைக் கொண்டு தேய்த்தால், நீக்கக்கூடிய பழுது நீக்கமுடியாத பழுதாகிவிடும்.

பெயர்கள்

நிகழ்பட ஆட்டத்தின் நிரல் பதிந்த நினைவகச் சில்லுகளைக் கொண்ட சிறு பெட்டி, தமிழ்நாட்டில் பொதுவாகக் கேசட் என்றே அழைக்கப்படுகின்றது. ஒலிநாடாவுக்கு வழங்கிய பெயரே இதற்கும் ஆகிவந்தது. இதனுள் நாடா எதுவும் இல்லை. கேசட்டின் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையின் விளிம்பில் வரிசையாக அமைந்த உலோகப் பட்டைகள் இக்கட்டுரையில் தொடுமுனைகள் எனப்படுகின்றன. கருவியில் கேசட்டை ஏற்கும் துளை செருகுவாய் எனப்படும். கையில் பிடித்து ஆடும் பகுதி, அதில் நெம்புகோல் இல்லாவிடினும், பேச்சு வழக்கில் ஜாய்ஸ்டிக் எனப்படுகின்றது.

சென்னை மேற்குப் புறநகரில் பின்னணி

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவை சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகள் ஆகும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. ஆவடியில் 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை அமைக்கப்பட்டது. இவற்றைச் சுற்றித் தொழிலாளர் குடியிருப்புகள் பெருகின. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சி ஆனது.

இந்தியாவில் 1990களில் விற்பனையான வீட்டுப் பயன்பாட்டுக் கருவிகளுள் பெரும்பாலானவை, நிண்டெண்டோ நிறுவனம் சப்பானில் 1983ஆம் ஆண்டு சூலை 15ஆம் நாள் வெளியிட்ட ஃபேமிகாம் என்னும் கருவியின் வடிவமைப்பைப் பின்பற்றியவை. சாமுராய், லிட்டில் மாஸ்டர் முதலிய பெயர்களில் இவை விற்கப்பட்டன. சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் கருவியை ஷா வாலஸ் நிறுவனம் 1995இல் இந்தியாவில் விற்கத் தொடங்கியது. அதன் விலை ஏறத்தாழ 18,000 ரூபாய் என்பதால், ஃபேமிகாம் வகைக் கருவிகளே நடுத்தரக் குடும்பங்களை எட்டின. கருவி வாங்க இயலாதோருக்காக, அதனை மணிக்கணக்கில் ஆடக் கொடுக்கும் கடைகளும் தெருக்களில் இருந்தன.

கேசட்டுகளும் உதிரிப்பாகங்களும் வாங்கச் சென்னை நகரின் இரு கடைத்தெருக்கள் பெயர்பெற்றிருந்தன. ஒன்று, பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் 1969இல் தொடங்கிய பர்மா பஜார். இது கடற்கரை இரயில் நிலையத்தை அடுத்துள்ளது. ஆவடி, அம்பத்தூர் வழியாகக் கடற்கரை வரை செல்லும் புறநகர் இரயில்கள் இதனை மேற்குப் புறநகருடன் இணைக்கின்றன. மற்றொன்று, அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. துப்புரவுக்கு வேண்டிய நீர்மங்களும் மின்னணு உதிரிகளும் ரிச்சி தெருவில் இன்றும் கிடைக்கின்றன.

இப்பகுதியின் தட்பவெப்பநிலை மின்தொடுகைகளுக்கு உகந்தது அன்று. சென்னையின் ஆண்டு மழைப்பொழிவு சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவினது. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் பெய்கின்றது. அம்மாதங்களில் காற்றின் ஈரப்பதம் மிகும். சாலைத் தூசும் வாகனப் புகையும் ஈரக்காற்றும் சேர்ந்து உலோகப் பரப்புகளில் படலங்களை உண்டாக்குகின்றன.

தொடுமுனைகளின் அமைப்பு

ஃபேமிகாம் வகைக் கேசட்டில், பலகையின் ஒவ்வொரு பக்கத்திலும் 30 வீதம் மொத்தம் 60 தொடுமுனைகள் உள்ளன. அவற்றின் பகிர்வு வருமாறு:

- நிரல் நினைவகத்தின் முகவரிக் கோடுகள் 15
- நிரல் நினைவகத்தின் தரவுக் கோடுகள் 8
- படநினைவகத்தின் முகவரிக் கோடுகள் 14
- படநினைவகத்தின் தரவுக் கோடுகள் 8
- கட்டுப்பாட்டுக் கோடுகள் 9
- ஒலிக்கு 2
- 5 வோல்ட்டு மின்வழங்கலுக்கு 2
- நிலத்துக்கு 2

பிற கருவிகளில் இவ்வெண்ணிக்கை வேறுபடும். அட்டாரி 2600 (1977) கேசட்டில் 24, கேம் பாய் (1989) கேசட்டில் 32, மெகா டிரைவ் (1988) கேசட்டில் 64, நிண்டெண்டோவின் மேற்கத்திய வடிவமான என்.இ.எஸ். (1985) கேசட்டில் 72 தொடுமுனைகள் உள்ளன.

தொடுமுனையின் அடிப்பகுதி செம்பினால் ஆனது. தரமான பலகைகளில் செம்பின் மேல் நிக்கலும், நிக்கலின் மேல் தங்க முலாமும் பூசப்படும். தங்கம் காற்றுடனும் ஈரத்துடனும் வினைபுரிவதில்லை. நிக்கல், செம்பு அணுக்கள் தங்கத்தினுள் ஊடுருவுவதைத் தடுக்கின்றது. தரமான இணைப்பிகளில் தங்க முலாத்தின் தடிப்பு 0.75 மைக்ரோமீட்டர் அளவினது. மலிவான பலகைகளில் அது 0.1 மைக்ரோமீட்டருக்கும் குறைவாக இருப்பதுண்டு. மனிதத் தலைமுடியின் தடிப்பு 50 முதல் 100 மைக்ரோமீட்டர் என்பதுடன் இதனை ஒப்பிடலாம். துப்புரவு முறையைத் தீர்மானிப்பது இந்த மெல்லிய தடிப்பே ஆகும்.

செருகுவாயின் உள்ளே, ஒவ்வொரு தொடுமுனைக்கும் எதிராக வளைந்த வில்தகடு ஒன்று உள்ளது. கேசட்டைச் செருகும்போது வில்தகடு தொடுமுனையின் மேல் உரசிக்கொண்டே நகர்ந்து, பின்னர் அழுத்தி நிற்கும். இவ்வுரசல் மெல்லிய அழுக்கைத் தானே விலக்கிவிடுகின்றது. இது துடைப்புச் செயல் எனப்படும்.

தொடுகை மின்தடை

கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் உலோகப் பரப்பு, நுண்ணோக்கியில் மேடுபள்ளங்கள் நிறைந்ததாகவே காணப்படும். எனவே இரு பரப்புகள் ஒன்றையொன்று அழுத்தும்போது, அவற்றின் முகடுகளில் சில மட்டுமே உண்மையில் தொடுகின்றன. மின்னோட்டம் முழுவதும் இச்சிறு புள்ளிகளின் வழியே நெருங்கிச் செல்லவேண்டும். இதனால் உண்டாகும் மின்தடை தொடுகை மின்தடை எனப்படுகின்றது. தூய தொடுகையில் இது ஓம் அளவில் ஆயிரத்தில் சில பத்துப் பங்குகளே. முகடுகளுக்கு இடையே ஆக்சைடு அல்லது எண்ணெய்ப் படலம் புகுந்தால், இது பல ஓம்களாக உயரலாம். தொடர்பு முற்றிலும் அறுந்தும் போகலாம்.

இதன் விளைவு எல்லாத் தொடுமுனைகளிலும் ஒரே அளவினது அன்று. முகவரி, தரவுக் கோடுகளில் செல்லும் மின்னோட்டம் மிகச் சிறிது. அவை ஓரளவு மின்தடையைப் பொறுத்துக்கொள்ளும். மின்வழங்கல் கோடு அவ்வாறன்று. எடுத்துக்காட்டாக, கேசட் 100 மில்லியாம்பியர் மின்னோட்டத்தை எடுப்பதாகவும், மின்வழங்கல் தொடுகையின் மின்தடை 5 ஓம் எனவும் கொண்டால், ஓமின் விதிப்படி 0.1 × 5 = 0.5 வோல்ட்டு அங்கேயே இழக்கப்படும். சில்லுகளுக்கு 5 வோல்ட்டுக்கு மாறாக 4.5 வோல்ட்டே எட்டும். இத்தகைய பழைய சில்லுகள் பலவற்றுக்கு 4.75 வோல்ட்டுக்குக் குறையாத மின்னழுத்தம் தேவை.

தொடுமுனைகளின் எண்ணிக்கையும் ஒரு காரணி ஆகும். ஒவ்வொரு தொடுகையும் சரியாக அமைவதற்கான வாய்ப்பு 99 விழுக்காடு என்றும், 60 தொடுகைகளும் தேவை என்றும் கொள்வோம். அனைத்தும் ஒருங்கே சரியாக அமைவதற்கான வாய்ப்பு 0.99ஐ 60 தடவை பெருக்கினால் கிடைக்கும். அது ஏறத்தாழ 55 விழுக்காடே ஆகும். ஒவ்வொன்றும் 99.9 விழுக்காடு நம்பகமானதாயின், மொத்த வாய்ப்பு 94 விழுக்காடாக உயர்கின்றது. ஒரே கேசட் ஒருமுறை இயங்குவதும் மறுமுறை இயங்காமற் போவதும் ஏன் என்பதை இக்கணக்கு விளக்குகின்றது. மேலும், இக்கருவியின் மையச் செயலகம் நொடிக்கு ஏறத்தாழ 18 இலட்சம் சுற்றுகள் இயங்குவது. ஒரு கட்டளையில் ஒரு பிட்டு பிழையாகப் படிக்கப்பட்டாலும் ஆட்டம் உறைந்துவிடக்கூடும்.

தொடுகை கெடும் வழிகள்

- ஆக்சைடு: செம்பு காற்றில் உள்ள ஆக்சிசனுடனும் ஈரத்துடனும் வினைபுரிந்து பழுப்பு அல்லது பச்சைப் படலத்தைத் தருகின்றது. தங்க முலாம் தேய்ந்த இடங்களிலும், முலாத்தின் நுண்துளைகளிலும் இது தொடங்கும்.
- சல்பைடு: வெள்ளிப் பரப்பு, காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்களால் கறுக்கின்றது. வீட்டு வெள்ளிப் பாத்திரம் கறுப்பதும் இதனாலேயே.
- உரசல் அரிமானம்: வெள்ளீய முலாம் பூசிய தொடுகைகள், நுண்ணிய அதிர்வுகளால் மீண்டும் மீண்டும் உரசி ஆக்சைடுத் துகள்களைக் குவிக்கின்றன.
- கைப்பட்ட அழுக்கு: விரலின் வியர்வையில் உப்பும் எண்ணெயும் உள்ளன.
- பூச்சிகள்: எறும்பும் கரப்பானும் கருவிக்குள் குடியேறுவதுண்டு. அவற்றின் எச்சம் ஈரத்தை ஈர்த்து உலோகத்தை அரிக்கின்றது.
- வில்தகடு தளர்தல்: இது அழுக்கு அன்று. பல்லாண்டுகள் செருகி எடுத்ததால் வில்தகடு வளைந்து அழுத்தம் குறைகின்றது. துப்புரவினால் இது சரியாகாது.

அறிகுறிகள்

துப்புரவுக்கு முன், பழுது எவ்விடத்தது என்று அறிதல் வேண்டும். ஃபேமிகாம் வகைக் கருவிகளில் பின்வரும் அறிகுறிகள் உதவும்.

- திரை முழுவதும் ஒரே நிறமாக நிற்றல், அல்லது ஆட்டம் தொடங்காமை: நிரல் நினைவகக் கோடுகளிலோ மின்வழங்கலிலோ தொடுகைக் குறை இருக்கலாம்.
- இசை சரியாக ஒலிக்க, படமும் எழுத்தும் மட்டும் சிதைந்து தோன்றுதல்: படநினைவகக் கோடுகளில் குறை இருக்கலாம்.
- படம் சரியாக இருக்க, ஒலி மட்டும் இல்லாமை: மூலக் கருவியின் வடிவமைப்பில், ஒலி 45ஆம் தொடுமுனை வழியாகக் கேசட்டினுள் சென்று 46ஆம் தொடுமுனை வழியாகத் திரும்புகின்றது. இவ்விரண்டில் ஒன்று தொடாவிடினும் ஒலி நின்றுவிடும்.
- கேசட்டை விரலால் அசைத்தால் ஆட்டம் உறைதல்: வில்தகடு தளர்ச்சி அல்லது அழுக்கு.
- ஒரு கேசட் மட்டும் இயங்காமை: கேசட்டின் தொடுமுனைகளில் குறை. எல்லாக் கேசட்டுகளும் இயங்காமை: செருகுவாயில் குறை.
- பொத்தானை அழுத்தியும் சில வேளைகளில் மட்டும் வினை நிகழ்தல்: ஜாய்ஸ்டிக்கின் உட்புற இரப்பர்த் தொடுகைகளில் குறை.

என்.இ.எஸ். கருவியில், நொடிக்கு ஒருமுறை அணைந்து எரியும் சிவப்பு விளக்கு தொடுகைக் குறையின் அறிகுறி ஆகும். அதிலுள்ள பூட்டுச் சில்லு, கேசட்டிலுள்ள இணைச் சில்லுடன் தொடர்புகொள்ள இயலாதபோது கருவியை மீண்டும் மீண்டும் தொடக்கநிலைக்குக் கொண்டுவருகின்றது. ஃபேமிகாமிலும் அதனைப் பின்பற்றிய கருவிகளிலும் இப்பூட்டு இல்லை.

எல்லாப் பழுதும் தொடுகைப் பழுது அன்று. படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டோ தோன்றினால், கருவியின் நிகழ்பட முறை இந்தியத் தொலைக்காட்சியின் பால் முறைக்கு மாறாக என்.டி.எஸ்.சி. முறையாக இருக்கலாம். இரைச்சலுடன் திரையில் குறுக்குப் பட்டைகள் ஊர்ந்தால், மின்வழங்கியிலுள்ள மின்தேக்கி பழுதடைந்திருக்கலாம்.

ஊதும் வழக்கம்

இயங்காத கேசட்டை வாயால் ஊதிச் செருகும் வழக்கம், தமிழ்நாட்டில் மட்டுமன்றி உலகெங்கும் இருந்தது. ஊதிய பின் கேசட் இயங்கியதைப் பலரும் கண்டிருப்பதால், ஊதுதலே பழுதைத் தீர்த்தது என்னும் நம்பிக்கை நிலைபெற்றது. இதற்கு எளிய விளக்கம் உண்டு. ஊதுவதற்காகக் கேசட்டை வெளியே எடுத்து மீண்டும் செருகும்போது துடைப்புச் செயல் மறுபடியும் நிகழ்கின்றது. வேறு முகடுகள் தொடுகின்றன. ஊதாமல் எடுத்துச் செருகினாலும் இப்பயன் கிடைக்கும்.

மூச்சுக்காற்று ஈரம் நிறைந்தது. அதனுடன் வெளிப்படும் எச்சில் துளிகளில் உப்புகளும் புரதங்களும் உள்ளன. இவை உலர்ந்தபின் தொடுமுனையில் தங்கி, மேலும் ஈரத்தை ஈர்க்கின்றன. உடனடிப் பயன் போலத் தோன்றும் இச்செயல், ஆண்டுக் கணக்கில் அரிமானத்தை வளர்க்கின்றது. கேசட்டுகளை ஊதவேண்டாம் என நிண்டெண்டோ நிறுவனமே தன் பயனர்களை எச்சரித்துள்ளது.

தேவையான பொருட்கள்

- 99 விழுக்காடு தூய்மையுள்ள ஐசோபுரோப்பைல் ஆல்ககால். 70 விழுக்காட்டு வகையில் எஞ்சிய பகுதி நீர் ஆகும். அது உலர நேரம் எடுக்கும்.
- பஞ்சு சுற்றிய குச்சிகள் (பட்ஸ்)
- மென்மையான தூரிகை
- நூல் பிரியாத பருத்தித் துணி. பலமுறை துவைத்த பழைய வேட்டித் துணி பொருத்தமானது.
- வெள்ளை நிற நெகிழி அழிப்பான்
- கைவில்லை, நல்ல வெளிச்சம்

கைகளைத் தூய்மையாக்கும் கூழில் கிளிசரின் போன்ற பொருட்கள் கலந்திருப்பதால், அது ஆல்ககாலுக்கு மாற்று ஆகாது.

என்.இ.எஸ். கேசட்டின் பின்புறத்தில், ஆல்ககாலால் துடைக்கவேண்டாம் என அச்சிடப்பட்டிருக்கும். மிகுதியாக ஊற்றினால் நெகிழிக்கும் ஒட்டுத்தாளுக்கும் கேடு நேரலாம். எனவே இம்முறையில் ஆல்ககால் உலோகத் தொடுமுனைகளில் மட்டும், குச்சியை நனைக்கும் அளவுக்கே பயன்படுத்தப்படுகின்றது.

துப்புரவு முறை

இம்முறையின் அடிப்படை, மிக மென்மையான வழியில் தொடங்கி, அது பயன்தராதபோது மட்டுமே அடுத்த வழிக்குச் செல்லுதல் ஆகும்.

கேசட்

1. கருவியை நிறுத்தி, அடாப்டரை மின்செருகியிலிருந்து கழற்றவேண்டும்.
2. கேசட்டை மின்நிறுத்திய நிலையில் நான்கைந்து தடவை செருகி எடுத்துச் சோதிக்கவேண்டும். பழுது நீங்கினாலும் துப்புரவைத் தொடர்தல் நல்லது.
3. தொடுமுனைகளில் உள்ள உலர் தூசைத் தூரிகையால் நீக்கவேண்டும்.
4. குச்சியின் பஞ்சை ஆல்ககாலில் நனைத்து, சொட்டாதவாறு பிழிந்து, தொடுமுனையின் நீளவாக்கில் உள்ளிருந்து விளிம்பு நோக்கித் துடைக்கவேண்டும். குறுக்கே தேய்த்தால் அழுக்கு தொடுமுனைகளின் இடைவெளியில் சேரும்.
5. பஞ்சு கறுத்தவுடன் புதிய குச்சியை எடுக்கவேண்டும். பலகையின் இரு பக்கங்களையும் துடைத்து, உலர்ந்த குச்சியால் முடிக்கவேண்டும்.
6. பத்து நிமிடம் உலரவிட்டபின் சோதிக்கவேண்டும்.
7. கறை எஞ்சியிருந்தால் மட்டும், வெள்ளை அழிப்பானால் நீளவாக்கில் இரண்டு மூன்று தடவை மெதுவாகத் தேய்க்கலாம். அழிப்பான் துகள்களை ஆல்ககாலால் நீக்கவேண்டும். மை அழிக்கும் அழிப்பானில் மணல்போன்ற துகள்கள் இருப்பதால் அதனைப் பயன்படுத்தலாகாது.

பெரும்பாலான கேசட்டுகளை, ஓட்டைத் திறக்காமலேயே இவ்வாறு துடைக்கலாம். திறக்கவேண்டிய நிலையில், சிலவற்றில் சாதாரணத் திருகும், சிலவற்றில் நெகிழிக் கொக்கியும் இருக்கும். நிண்டெண்டோவின் பிற்கால என்.இ.எஸ். கேசட்டுகளுக்கு 3.8 மி.மீ. அளவுள்ள தனிவகைத் திருப்புளி தேவை. ஆட்டநிலையைச் சேமிக்கும் கேசட்டுகளில் சிறிய 3 வோல்ட்டு மின்கலம் இருக்கும். உலோகப் பொருள் பட்டு அதில் குறுக்குச்சுற்று நேர்ந்தால், சேமித்த ஆட்டநிலை அழிந்துவிடும்.

செருகுவாய்

கேசட் பலகையின் தடிப்பை விஞ்சாத அட்டைத்துண்டு ஒன்றில் துணியை ஒரு சுற்று சுற்றி, ஆல்ககாலில் சற்றே நனைத்து, செருகுவாயில் நேராகச் செருகி எடுக்கவேண்டும். துணியுடன் சேர்ந்த தடிப்பு மிகுந்தால் வில்தகடுகள் நிலையாக விரிந்து, அழுத்தம் குறைந்துவிடும். இதற்குப் பின் எந்தத் துப்புரவும் பயன்தராது. துணியின் நூல் வில்தகட்டில் சிக்கினால் இழுக்காமல், இடுக்கியால் விடுவிக்கவேண்டும்.

ஜாய்ஸ்டிக்

ஜாய்ஸ்டிக்கின் பொத்தானுக்குக் கீழே, கரித்துகள் கலந்த இரப்பர்த் திண்டு உள்ளது. அது கீழேயுள்ள பலகையின் இரு தடங்களை இணைத்துச் சுற்றை நிறைவுசெய்கின்றது. பலகையின் தடங்களை ஆல்ககாலில் நனைத்த குச்சியால் துடைக்கலாம். திண்டை, ஈரம் குறைந்த துணியால் ஒருமுறை ஒற்றியெடுத்தால் போதும். அழுத்தித் தேய்த்தால் கரிப்பரப்பு உரிந்துவிடும். சில பலகைகளில் தடங்களின் மேலும் கரிப்பூச்சு உள்ளது. அங்கே அழிப்பான் கூடாது. தேய்ந்த திண்டின் மேல் பென்சில் கரியைத் தடவும் வழக்கம் உண்டு. அது சில நாட்களே பயன்தரும். உதிரும் கரித்தூள் அண்டைத் தடங்களை இணைத்துவிடவும் கூடும்.

ஆளிகளும் செருகிகளும்

மின் ஆளியிலும் மீட்டமைப்புப் பொத்தானிலும், நெகிழிக்குக் கேடு செய்யாத கான்டாக்ட் கிளீனர் எனப்படும் தெளிப்பானைச் சிறிதளவு செலுத்தி, ஆளியை இருபது தடவை இயக்கினால் உட்புறத் தொடுகைகள் தூய்மையாகும். ஜாய்ஸ்டிக்கின் 9 ஊசிச் செருகியையும், தொலைக்காட்சியுடன் இணைக்கும் வடங்களின் முனைகளையும் ஆல்ககாலால் துடைக்கலாம்.

தவிர்க்கவேண்டியவை

குத்துவிளக்கைப் புளியாலும், வெள்ளிப் பாத்திரத்தைத் திருநீற்றாலும் துலக்குவது தமிழர் இல்லங்களில் வழக்கம். குத்துவிளக்கு பல மில்லிமீட்டர் தடிப்புள்ள உலோகம். ஒவ்வொரு முறையும் அதன் மேற்பரப்பு சிறிதளவு கரைவதால் கேடு இல்லை. தொடுமுனையில் இருப்பதோ ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான தங்கம். எனவே அதே முறை இங்கே பொருந்தாது.

- உப்புத்தாள், அரம், கத்தி: தங்க முலாத்தை நொடியில் நீக்கி, செம்பை வெளிப்படுத்துகின்றன. தேய்த்தவுடன் தொடுமுனை பளபளப்பதும் கேசட் இயங்குவதும் உண்மையே. ஆனால் வெளிப்பட்ட செம்பு அடுத்த மழைக்காலத்திலேயே கறுக்கத் தொடங்கும். மீண்டும் தேய்க்க நேரும். இறுதியில் தொடுமுனையே அற்றுப்போகும்.
- புளி, எலுமிச்சை, வினிகர்: இவற்றின் அமிலம் ஆக்சைடைக் கரைக்கும், ஆனால் எஞ்சும் அமிலமும் உப்பும் அரிமானத்தைத் தூண்டும்.
- திருநீறு, பற்பசை: நுண்ணிய துகள்களால் முலாத்தைத் தேய்க்கின்றன, செருகுவாயிலும் படிகின்றன.
- தேங்காய் எண்ணெய், தையல் இயந்திர எண்ணெய், துரு நீக்கும் எண்ணெய்த் தெளிப்பான்: தூசை ஈர்க்கும் படலத்தை விட்டுச்செல்கின்றன.
- பெட்ரோல், தின்னர்: நெகிழி ஓட்டைக் கரைக்கின்றன, தீ அபாயம் மிகுந்தவை.

பாதுகாப்பு

ஐசோபுரோப்பைல் ஆல்ககாலின் தீப்பற்று வெப்பநிலை ஏறத்தாழ 12 பாகை செல்சியசு. சென்னையின் அறை வெப்பநிலை எப்பொழுதும் இதனைவிட மிகுதி. ஆகவே, அதன் ஆவி சிறு பொறியிலும் பற்றிக்கொள்ளும். அடுப்பு, பூசை விளக்கு, கொசுவர்த்தி ஆகியவற்றுக்கு அருகில் இதனைப் பயன்படுத்தலாகாது. காற்றோட்டமுள்ள இடத்தில், சிறிதளவே கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு, புட்டியை உடனே மூடிவிடவேண்டும். சிறுவர்கள் பெரியவர் முன்னிலையில் மட்டுமே இப்பணியைச் செய்யவேண்டும்.

அடாப்டரை மாற்றும்போது, மின்னழுத்தத்துடன் முனைவாக்கத்தையும் கவனிக்கவேண்டும். ஃபேமிகாமின் மூல அடாப்டர் 10 வோல்ட்டு, நடுமுனை எதிர்மின்முனை கொண்டது. பிற தயாரிப்புகளில் இது வேறுபடுவதால், கருவியின் அடியில் உள்ள குறியீட்டைப் பார்த்தல் இன்றியமையாதது. பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியின் உட்புறத்தில், மின்சாரம் நிறுத்தப்பட்ட பின்னும் உயர் மின்னழுத்தம் எஞ்சியிருக்கும். அதனைப் பயிற்சியற்றோர் திறக்கலாகாது.

வெள்ளநீரில் நனைந்த கருவிகள்

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகள் நீரில் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்சாம் புயல் மழையின்போது அம்பத்தூர்த் தொழிற்பேட்டையினுள் வெள்ளம் புகுந்தது. இத்தகைய நிகழ்வுகளுக்குப் பின், நனைந்த கருவியை இயங்குகின்றதா எனப் பார்க்கும் ஆவலில் மின்னிணைப்புக் கொடுப்பதே பெருங்கேட்டை விளைவிக்கின்றது. நனைந்த சுற்றில் மின்னழுத்தம் இருக்கும்போது, மின்பகுப்பினால் செம்புத் தடங்கள் சில மணிநேரத்திலேயே அரிக்கப்படக்கூடும்.

வழக்கமான துப்புரவில் நீர் பயன்படுத்தப்படுவதில்லை எனினும், வெள்ளநீர் பட்ட பலகைக்கு இது விதிவிலக்கு ஆகும். மின்கலம் இருப்பின் முதலில் அதனை நீக்கவேண்டும். பலகையை வெளியே எடுத்து, சேறும் உப்பும் போகும்வரை தூய நீரில் மென்மையாகக் கழுவி, பின்னர் காய்ச்சி வடித்த நீரிலும், இறுதியில் ஆல்ககாலிலும் அலசவேண்டும். மின்விசிறிக் காற்றில், நிழலில், இரண்டு மூன்று நாட்கள் உலரவிடவேண்டும். கடும் வெயில் நெகிழியை மஞ்சளாக்கும். வெள்ளநீரில் மூழ்கிய அடாப்டரை மீண்டும் பயன்படுத்தலாகாது. அதன் மின்மாற்றியின் காப்புறை சிதைந்திருக்கக்கூடும்.

பாதுகாத்து வைத்தல்

தூய்மையாக்கிய கேசட்டுகளை, மூடியுள்ள பெட்டியில் ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பைகளுடன் வைத்தால் அரிமானம் குறையும். கேசட்டைக் கருவியிலேயே ஆண்டுக் கணக்கில் செருகி வைத்தால், வில்தகடுகள் தளரும். தொடுமுனைகளை விரலால் தொடாதிருத்தலும், மழைக்காலம் முடிந்தபின் ஒருமுறை எடுத்துப் பார்த்தலும் போதுமானவை. தேவையின்றி அடிக்கடி துடைத்தலும் தேய்மானமே ஆகும்.

முக்கியத்துவம்

இக்கருவிகளுக்கான கேசட்டுகள் பலவும் இன்று புதிதாகத் தயாரிக்கப்படுவதில்லை. ஒரு கேசட்டின் தொடுமுனைகள் அழிந்தால், அதிலுள்ள நினைவகச் சில்லு நன்றாக இருந்தும் அதனைப் படிக்க வழியின்றிப் போகின்றது. எறியப்படும் கருவிகள் மின்கழிவாகின்றன. அவற்றின் பற்றாசில் ஈயம் உள்ளது. இந்தியாவில் மின்கழிவு விதிகள் 2011இல் வெளியிடப்பட்டு 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்தன. 2016இல் புதுப்பிக்கப்பட்ட அவற்றுக்கு மாற்றாக, 2022ஆம் ஆண்டின் விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. இவ்விதிகளின் பட்டியலில் நிகழ்பட ஆட்டக் கருவிகளும் இடம்பெற்றுள்ளன. பழுது என எண்ணி எறிவதற்கு முன் ஒருமுறை தொடுகைகளைத் தூய்மை செய்து பார்ப்பது, கழிவைக் குறைப்பதுடன், ஒரு தலைமுறையின் விளையாட்டுப் பொருளையும் காக்கின்றது.

மேலும், கணினியின் நினைவகப் பலகை, தொலையியக்கி, கைக்கணிப்பான் முதலிய பலவற்றிலும் தொடுகைகள் இதே இயல்பினவே. ஒரு பழைய கேசட்டைத் தூய்மை செய்யக் கற்கும் மாணவர், ஓமின் விதியையும் உலோக அரிமானத்தையும் கைப்பட அறிந்துகொள்கின்றார்.

இவற்றையும் பார்க்க

- அரிமானம்
- ஓமின் விதி
- மின்முலாம் பூசல்
- மின்கழிவு
- நிகழ்பட ஆட்டம்
- ரிச்சி தெரு
- பர்மா பஜார்
- அம்பத்தூர்த் தொழிற்பேட்டை